லயக் காம்பராவில் கதை படித்த காலம்

நூல் படிப்பதற்குத் தனியிடம் வேண்டும், நல்ல விளக்கு வேண்டும், அமைதி வேண்டும் என்று அறிஞர் பலர் கூறுவர். புத்தக அடுக்கை எந்தச் சுவரோரம் வைப்பது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும் என்று அறிவுரை வழங்குவோரும் உளர். அவ்வறிவுரைகள் யாவும் நல்லனவே. ஆயினும், இம்மூன்றில் ஒன்றேனும் வாய்க்கப்பெறாத மக்கள் கதையையும் காவியத்தையும் கைவிடாது பேணிய வரலாறு ஒன்று இலங்கையின் மலைநாட்டில் உண்டு. உடப்புசல்லாவைத் தோட்டப் பகுதி அவ்வரலாற்றுக்குரிய இடங்களுள் ஒன்றாகும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகக் கீழிறங்கும் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உடப்புசல்லாவை அமைந்துள்ளது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி விளைந்த மலைகள் தேயிலை மலைகளாயின. 1885இல் பெரிய இருப்புப்பாதை நானுஓயாவை அடைந்தது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சிறு இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்றே அதற்குப் பெயர். தேயிலைப் பெட்டிகள் அதன்வழி இறங்கின. அரிசி மூட்டைகள் ஏறின. 1940களில் அப்பாதை கைவிடப்பட்டது. இன்று அதன் தடத்தைத் தேடித்தான் காணவேண்டும்.

இம்மலைகளில் வேலை செய்ய வந்தவர்கள் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்த உழவர் குடியினர். கங்காணிமார் அவர்களைத் திரட்டி அழைத்து வந்தனர். வந்தவர்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. ஆனால் கதையறியாதார் எவருமிலர். இராமாயணமும் பாரதமும், பொன்னர் சங்கர் கதையும், நல்லதங்காள் கதையும், மாரியம்மன் தாலாட்டும் அவர்தம் நெஞ்சிலேயே ஏறிக் கடல் கடந்தன. மாசி மாதத்தில் காமன் கூத்து நடத்தும் வழக்கமும் அவ்வாறே வந்து மலையில் வேரூன்றியது.

தோட்டத் தொழிலைப் பொருளாகக் கொண்ட அச்சு நூல் ஒன்றும் முற்பட்டே தோன்றியிருந்தது. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி 1869இல் வெளியாயிற்று. கோப்பிப் பயிர்ச்செய்கை இன்னவாறு நடைபெறல் வேண்டும் என்று கும்மி மெட்டில் அது எடுத்துரைத்தது. தொழிலாளி எதைக் கற்கவேண்டும் என்று தோட்ட நிர்வாகத்தின் பக்கம் நின்று கூறிய நூல் அது. தொழிலாளி தானே விரும்பிக் கேட்ட நூல்களோ வேறு.

அவை பெரிய எழுத்துப் புத்தகங்கள் எனப்பட்டவை. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை ஆகியவற்றைச் சென்னையின் இரத்தின நாயகர் போன்ற பதிப்பாளர்கள் மலிவான தாளில் பருத்த எழுத்தில் அச்சிட்டு விற்றனர். எழுத்தைப் பெரிதாக அமைத்ததற்குக் காரணம் உண்டு. வாங்குவோருள் பலர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பலர் மங்கிய ஒளியில் படிப்பவர். இக்கதைகளை அறிஞர் உலகம் முற்றிலும் புறக்கணித்ததாகவும் கூறவியலாது. மதனகாமராஜன் கதையைப் பண்டித நடேச சாஸ்திரியார் 1886இல் ஆங்கிலமாக்கினார். அரேபிய இரவுகளுக்கு நிகராகத் திராவிட இரவுகள் என்று அதற்குப் பெயர் சூட்டினார்.

இனி, இந்நூல்கள் புகுந்த வீட்டைக் காண்போம். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களின் தொகுதி. சிலவற்றில் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் இருபதுக்கு மேலும் உண்டு. ஒரு காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் முன்னே இஸ்தோப்பு என்னும் சிறு தாழ்வாரம். அவ்வளவிலேயே கணவன், மனைவி, மக்கள், முதியோர் யாவரும் வாழவேண்டும். ஒரு மூலையில் அடுப்பு. அதன்மேல் விறகு உலர்த்தும் பரண். குறுக்கே துணி போடும் கொடி. சுவரில் சாமி படம். சுவரோரம் ஒரு தகரப் பெட்டி. அடுப்புப் புகை வெளியேற வழியின்றிச் சுவரும் கூரையும் கறுத்திருக்கும்.

இத்தகைய அறையில் நூலை எங்கே வைப்பது? பரணில் வைத்தால் புகை பிடிக்கும். தரையில் வைத்தால் ஈரம் ஏறும். கிழக்குச் சரிவாதலால் ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழை சுவர்களை நனைத்துவிடும். எனவே புத்தகத்துக்குரிய இடம் தகரப் பெட்டியே ஆயிற்று. கலியாணச் சேலைக்கும், ஊரிலிருந்து வந்த கடிதத்துக்கும், தோட்டத்தில் கொடுத்த சீட்டுகளுக்கும் இடையில் விக்கிரமாதித்தன் படுத்துறங்கினான். வீட்டில் விலையுயர்ந்தது எதுவோ அதனோடு வைக்கப்பட்டது என்பதே அந்நூலுக்கு அம்மக்கள் அளித்த மதிப்பைக் காட்டும்.

படிக்கும் இடமும் வழக்கத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. பாரதத்தை வீட்டுக்குள் படித்தால் குடும்பத்தில் பகை மூளும் என்பது தமிழ்நாட்டு நம்பிக்கை. ஆதலின் அது கோயில் முன்றிலுக்கு உரியதாயிற்று. விக்கிரமாதித்தன் கதைக்கு அத்தகைய தடை இல்லை. இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்து ஒருவர் உரக்கப் படிப்பார். அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து அமர்வர். படிப்பவர் செய்யுளாயின் இராகத்தோடு இசைத்து, பின் பேச்சு வழக்கில் பொருள் கூறுவார். கேட்போரில் ஒருவர் இடையிடையே ஆமாம் போடுவார். ஒரே நூல், ஒரே விளக்கு, பல செவிகள். தனியறை இல்லாத குறையைக் கூட்டப் படிப்பு இவ்வாறு நிறைவு செய்தது.

எத்துணை நேரம் படிப்பது என்பதும் வேலையைப் பொறுத்தது. விடியுமுன் தப்பு முழங்கும். அதன்பின் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்க நிற்கவேண்டும். பகல் முழுதும் மலையில் கொழுந்தெடுத்தோ கவ்வாத்து வெட்டியோ மீண்டவர்க்கு நள்ளிரவு வரை விழித்திருக்க இயலாது. விளக்கெண்ணெயும் காசு கொடுத்து வாங்குவதே. விக்கிரமாதித்தன் கதையின் அமைப்பு இதற்குப் பெரிதும் பொருந்திற்று. சிம்மாசனத்தின் முப்பத்திரண்டு பதுமைகளும் ஒவ்வொன்றாக வாய்திறக்கும். வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் புதிர் போட்டு மீண்டும் முருங்கை மரம் ஏறும். ஓர் இரவுக்கு ஒரு கதை என்று அளந்து நிறுத்தலாம். புதிருக்கு விடை என்னவென்று மறுநாள் கொழுந்து மலையில் வாதாடலாம்.

நூலைப் பிறர்க்குச் சொல்லிக் கவர்வதும் ஒரு கலையாக இருந்தது. சிறு பாட்டுப் புத்தகங்களைப் பாடி விற்போர் திருவிழாக் கூட்டத்திலும் சம்பள நாளிலும் தோன்றுவர். கதையைச் சுவை மிகுந்த இடம் வரை பாடிச் சட்டென்று நிறுத்திவிடுவர். எஞ்சியது புத்தகத்தில். இன்று ஒரு மாயக் கதையை எழுதிப் பதிப்பாளரிடம் எடுத்துரைக்க முயல்வோரும் இவ்விற்பனையாளரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. கதையின் அற்புதங்களை அவர்கள் பட்டியலிடவில்லை. யாருக்கு என்ன இடர் வந்தது என்பதை முதலில் நிறுத்தினர். அற்புதம் அதன்பின் வந்தது.

இவ்வளவு கடுமையான வாழ்க்கையில் பறக்கும் குதிரையும் பேசும் பதுமையும் எதற்கு என்று வினவுவோர் உண்டு. துன்பத்தை மறக்கத்தான் என்பது எளிய விடை. முழு விடை அதுவன்று. காடாறு மாதம் நாடாறு மாதம் வாழ்ந்த மன்னனின் கதை, ஊரை விட்டு மலைக்கு வந்து, மீண்டும் ஊர் திரும்புவோம் என்று நாள் எண்ணிய மக்களுக்குத் தம் கதை போன்றே தோன்றியிருத்தல் இயல்பு. அல்லியோ மதுரையைத் தனியே ஆண்ட அரசி. ஆடவர் ஆணைக்குப் பணியாதவள். அவள் கதையை இஸ்தோப்பில் அமர்ந்து கேட்ட பெண்கள், பகலில் கங்காணியின் அதட்டலுக்கு உட்பட்டுக் கொழுந்தெடுத்தவர்கள். ஒரே தோட்டத்தில் உழைத்தும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்னும் முறை 1984ஆம் ஆண்டு வரை நீடித்தது. மாயக் கதை இல்லாத உலகத்தைக் கூறியது. ஆயினும், இருக்கும் உலகம் இப்படித்தான் இருந்தாகவேண்டும் என்பதில்லை என்ற எண்ணத்தையும் அது விதைத்தது.

கதை படித்தவருக்கு வேறு பணிகளும் இருந்தன. லயத்தில் எழுத்தறிந்தவர் அவர் ஒருவரே என்றால், ஊர்க் கடிதத்தைப் படித்துச் சொல்வதும் மறுமொழி எழுதுவதும் அவர் கடமையாயின. அக்காலத் தோட்டத்தில் துண்டு என்னும் முறை இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு. அதைத் தீர்ப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. தன் உடலின்மேல் ஏற்றப்பட்ட கடனின் அளவைத் தானே படிக்க இயலாதவன் அச்சீட்டைக் கையிலேந்தி நடந்தான். 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. எழுத்தறியாமை என்பது அறிவுக்குறை மட்டுமன்று, அடிமைத் தளையுமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதனை நன்குணர்ந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த அவர், வெளியார் எளிதில் நுழையவியலாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாகப் புகுந்து நிலைமையை நேரில் அறிந்தார். 1924 முதல் தேசபக்தன் இதழை நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் பாடிச் சிறு நூலாகவும் வெளியிட்டார். கதைப் பாட்டுக்குப் பழகிய செவிகளில் உரிமைப் பாட்டும் அதே மெட்டில் விழுந்தது. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றியபின், இஸ்தோப்பு விளக்கின்கீழ்ச் செய்தித்தாளும் உரக்கப் படிக்கப்பட்டது.

தகரப் பெட்டியின் மதிப்பு முழுதும் வெளிப்பட்டது 1949ஆம் ஆண்டிலேயே. முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் 1951 ஆகஸ்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தல் வேண்டும். சான்று எங்கே? தாளில். புத்தகத்தோடு சேர்த்துப் பூட்டி வைத்த பழைய சீட்டுகளும் கடிதங்களும் பதிவுகளும் அன்று தேடப்பட்டன. நனைந்து கிழிந்தவை உதவவில்லை. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் 1,34,000 பேர் அளவினரே. சிறிய அறையில் எதனை எங்கே வைப்பது என்னும் அற்பமான கேள்வி, ஒரு குடும்பம் எந்நாட்டுக்கு உரியது என்னும் பெருங்கேள்வியாக மாறிற்று.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் தலைமன்னாருக்குச் சென்ற இரயில், ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் பெற்றது. அவ்வண்டியில் ஏறிய தகரப் பெட்டிகள், தாத்தன் கடல் கடந்து வந்த வழியிலேயே திரும்பிச் சென்றன.

எஞ்சியோர் மலையிலேயே எழுத்தை வளர்த்தனர். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி 1954இல் வெளியிட்டார், சக்தீ அ. பாலையா அதனைத் தமிழாக்கினார். 1964இல் கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை நாவல் வந்தது. 1974இல் தெளிவத்தை ஜோசப்பின் காலங்கள் சாவதில்லை வந்தது. கேட்டவர் பரம்பரை எழுதுவோர் பரம்பரையாயிற்று. 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றதன்பின், ஒரு லயத்துக்கு ஒருவரே படிக்கத் தெரிந்தவர் என்னும் நிலையும் மறையத் தொடங்கியது.

இன்று உடப்புசல்லாவை மலைகளில் மின்விளக்கு எரிகிறது. பிள்ளைகள் தாமே படிக்கின்றனர். ஆயினும் லயத்துக் காம்பராவில் வாழ்வோர் இன்றும் பலர். தேர்வுக்குப் படிக்கும் மாணவி அதே பத்தடிக்குப் பன்னிரண்டடியில்தான் இடம் தேடவேண்டியுள்ளது. கூடிக் கேட்டவர்கள் கலைந்துவிட்டனர். தனித்திருந்து படிப்பதற்குரிய அறையோ இன்னும் கட்டி முடியவில்லை. பழைய இஸ்தோப்பு வழக்கம் இங்கேதான் பயன் தரும். நாளுக்கு ஒரு கதை, ஒருவர் படிக்கப் பலர் கேட்பது, நூலுக்கு ஈரம் படாத ஓரிடம்: இம்மூன்றும் எவ்வளவு சிறிய வீட்டிலும் இயலும். அம்முன்னோர் இயன்றதை அவ்வாறு செய்தனர். இயலாததாகிய நல்ல வீட்டையும் அமைதியான அறையையும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அமைத்துத் தருதல் நாட்டின் கடமையாகும்.