ஹெர்2 எதிர்ப்பொருள்

செல்லின் மேற்சவ்வில் உள்ள ஹெர்2 என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கண்டறிய நோய்க்குறியியல் ஆய்வகங்களில் பயன்படும் எதிர்ப்பொருள். மார்பகப் புற்று உறுதியானதும் அத்திசுவில் வழக்கமாகப் பார்க்கும் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்2 ஆகிய மூன்றில் கடைசிச் சோதனை இதைக் கொண்டு நடக்கிறது.

ஹெர்2 ஒரு வளர்ச்சி ஏற்பி. தன் இனத்து ஏற்பிகளோடு ஜோடி சேர்ந்து, பெருகும்படி செல்லுக்குக் கட்டளை கடத்தும். 17ஆம் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு பல படிகளாகிவிட்டால் ஏற்பிகள் சவ்வில் நெருக்கியடித்து நிற்கும், கட்டளை ஓயாது. மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 சதவீதம் இவ்வகை.

இப்புரதம் முதலில் அகப்பட்டதே எதிர்ப்பொருளின் வழியாகத்தான். அதில் ஓர் இந்தியரின் கை உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் வெயின்பெர்க்கின் ஆய்வகத்தில் இருந்த லட்சுமி சரண் பாடியும் உடன் ஆய்வாளர்களும், எலியின் நரம்புப் புற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைச் சுண்டெலிச் செல்களில் ஏற்றினர். அச்செல்கள் சுண்டெலிகளின் உடம்பில் கட்டியாக வளர்ந்தன. அவற்றின் சீரத்தில் தாமாகவே உண்டாகியிருந்த எதிர்ப்பொருள்கள் 1,85,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக் காட்டின. 1982இல் ‘செல்’ இதழில் இது வெளிவந்தது. அதற்குரிய மரபணு ‘நியூ’ எனப்பட்டது. மனிதரில் அதன் இணையான ஹெர்2 1985இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஹெர்2வைக் குறிவைத்து 1998இல் வந்த டிராஸ்டுசுமாப் மருந்தைப் புகழும்போது இந்தச் சுண்டெலிச் சீரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மருந்தும் ஓர் எதிர்ப்பொருளே, ஆனால் சோதிக்கும் எதிர்ப்பொருள் வேறு. பரவலாகப் பயன்படும் 4பி5 என்ற முயல் எதிர்ப்பொருள், ஏற்பியின் செல்லுக்குள் இருக்கும் வாலைப் பற்றும்; மருந்து வெளியே நீண்டிருக்கும் பகுதியைப் பற்றும்.

திசுவைப் பதித்த பாரஃபின் பிளாக்கிலிருந்து மெல்லிய சீவலெடுத்து, எதிர்ப்பொருளைப் படரவிட்டு, நொதியால் நிறமேற்றினால் ஹெர்2 உள்ள சவ்வு பழுப்பாகத் தெரியும். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சவ்வு முழுதும் அழுத்தமாகக் கறுத்தால் 3+, அதாவது பாசிட்டிவ். 2+ என்றால் மரபணுவை எண்ணிப் பார்க்க ‘ஃபிஷ்’ சோதனை. 1+, 0 இரண்டையும் முன்பு நெகட்டிவ் என்று ஒன்றாக ஒதுக்கினார்கள். குறைந்த ஹெர்2 உள்ள, பரவிய புற்றிலும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற மருந்து பலன் தருவது 2022இல் தெரிந்ததிலிருந்து, 1+க்கும் 0க்கும் இடையிலான மங்கலான கோடும் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் பங்கு பெறுகிறது.

அந்தக் கோடு ஆய்வகத்துக்கு வெளியேயும் அழியலாம். வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நடுநிலை பார்மலினில் இறங்க வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் கிடக்க வேண்டும். சாத்தூர் போன்ற ஊரில் அறுவை நடந்து திசு மதுரைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் சலைனில் போட்ட திசு வழியிலேயே கெடத் தொடங்கும். பெரிய கட்டியைக் கீறாமல் அப்படியே பார்மலினில் போட்டால் நடுப்பகுதி வரை அது ஊறாது. சனிக்கிழமை எடுத்தது பொங்கல் விடுமுறையில் மாட்டினால் 72 மணி நேரம் தாண்டிவிடும். ஆகவே பார்மலினில் போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதியே அனுப்ப வேண்டும். முடிவில் ஐயம் வந்தால் வேறொரு பிளாக்கில் மறுபடி சோதிப்பார்கள். பிளாக் ஆண்டுக்கணக்கில் இருக்கும். நோயாளி அதைக் கேட்டு வாங்கி இன்னொரு ஆய்வகத்துக்கும் கொண்டுபோகலாம்.