பாக்கு வெத்தலை மாத்துறதுக்கு முன்னாடி

சித்தப்பா பையனுக்குச் சிதம்பரத்துல பொண்ணு பார்த்து, போன மாசம் நிச்சயதார்த்தம். கடலூர்ல இருந்து வேன் வச்சுக்கிட்டுப் போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் எல்லாம் தாண்டி வெள்ளாத்துப் பாலம் வர்ற வரைக்கும் வேனுக்குள்ள ஒரே பேச்சுதான். எத்தனை பவுன், மண்டபச் செலவு யாரோடது, வண்டி உண்டா இல்லையா. "நாம ஒண்ணும் கேக்கல, அவங்க பொண்ணுக்கு அவங்க செய்யறாங்க"ன்னு பெரியப்பா மூணு தடவை சொன்னார். கேக்கலைன்னா எதுக்கு மூணு தடவை சொல்லணும்? :-)

மாப்பிள்ளைப் பையன் கடைசி சீட்டுல ஜன்னல் பக்கம் உக்காந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தான். மொத்த வேனும் அவன் குடும்பக் கணக்கைத்தான் போட்டுது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. அந்தப் பக்கம் பொண்ணு கதையும் இதேதான்னு பிறகு தெரிஞ்சுது.

கல்யாணம் ஆகப்போறவங்க காசு பணம் பேசுறது நம்ம வழக்கம் இல்லைன்னு சிலர் சொல்லுவாங்க. பாதிதான் உண்மை. கல்யாணத்துல பணம் பேசாத காலமே நம்மகிட்ட இருந்த மாதிரி தெரியலை. யார் பேசினாங்கங்கிறதுதான் விஷயம்.

"பரிசம் போட்டாச்சு"ன்னு இப்பவும் சொல்றோம். பரிசம்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுக்குக் கொடுக்கிறது. 1909ல் எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் ஏழு தொகுதியாக் கொண்டுவந்த தென்னிந்திய சாதிகள் பற்றிய நூலில், தமிழ்ச் சாதிகள் பலவற்றில் இந்த வழக்கம் இருந்தது பதிவாகி இருக்கு.

இதைவிடப் பழைய சாட்சி வேலூர் பக்கத்துல விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு. விஜயநகர தேவராயர் காலம், கி.பி. 1425. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர் என்று எல்லாரும் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். இனிமேல் கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்கணும். பொன் வாங்குகிற பெண்ணின் தகப்பனுக்கும், பொன் கொடுக்கிற மாப்பிள்ளைக்கும் ராஜ தண்டனை, சாதியை விட்டும் விலக்கு. கவனிங்க, அன்னிக்குப் பொன் போன திசையே வேற!

அப்புறம் திசை மாறிச்சு. 'ஸ்திரீதனம்' என்பதுதான் சீதனம் ஆச்சு. பேரிலேயே இருக்கு, அது பொண்ணோட சொத்து. ஆனா நடப்புல அது மாப்பிள்ளை வீட்டு வசூல் ஆயிடுச்சு. இதைத் தடுக்க 1961ல் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்தது. ரெண்டு அவைக்கும் ஒத்துப்போகாமல், நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூட்டுக் கூட்டம் போட்டு நிறைவேற்றிய சட்டம் அது. 1425 கல்வெட்டு மாதிரியே இதிலும் கொடுக்கிறதும் குத்தம், வாங்குறதும் குத்தம்.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. 1985ல் இந்தச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்தன. கேக்காமலே வர்ற கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதணும். என்ன பொருள், தோராயமா என்ன மதிப்பு, கொடுத்தது யார், என்ன உறவு என்பதெல்லாம் அதுல இருக்கணும். பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் பார்த்த எந்தக் கல்யாணத்துலயும் இந்தக் காகிதத்தைக் கண்டதில்லை. ஆனா 51 ரூபா மொய்யை விடாம எழுதுற நோட்டு மட்டும் பீரோவுல பத்திரமா இருக்கும்.

கணக்குல தெளிவா இருந்தவங்கன்னா யாழ்ப்பாணத்துக்காரங்களைச் சொல்லணும். அங்கே வழங்கின தேசவழமையை 1707ல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எழுத்தில் தொகுத்தார். அதுல சொத்துக்கு மூணு பேர் இருக்கு. பரம்பரையா வந்தது முதுசம். பெண் கொண்டுவந்தது சீதனம். கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்சது தேடியதேட்டம். எது யாரோடதுன்னு பிரிச்சுப் பேச மொழியே கைகொடுத்திருக்கு. அந்த வழமையில பெண்ணுக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு, அதை அப்படியே கொண்டுவரச் சொல்லலை. அந்த மூணு சொல்லைக் கடன் வாங்கிக்கலாமே!

நாலாவதா ஒரு சொல்லை நான் சேர்ப்பேன். கடன்.

சேர்க்கக் காரணம் சொந்த அனுபவம். எனக்குக் கல்யாணம் ஆன நாலாம் மாசம், தங்கச்சி வளைகாப்புச் செலவுக்குன்னு மனைவியோட ரெட்டை வடச் சங்கிலியை அடகு வச்சோம். "கேட்டுட்டு வச்சோம்"னுதான் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தேன். உண்மையில அம்மா கேட்டாங்க, நான் தலையை ஆட்டினேன், இவ கழட்டிக் கொடுத்தா. அந்த நகைக்கு அவங்கப்பா வாங்கின கடனே அடையலைங்கிறது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். அதே 1985ல்தான், சீதனம் முழுக்க முழுக்க மனைவியோட சொத்து, புருஷன் அதுக்குக் காவல்காரன் மட்டும்தான்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நான் நல்லாத்தான் காவல் காத்தேன், ஹூம்...

அதனால திரும்பி வரும்போது கடைசி சீட்டுல போய் உக்காந்தேன். "டேய், பவுனை விடு. நாலே நாலு விஷயம் அந்தப் பொண்ணுகிட்ட நீயே பேசு. முதல்ல உன் பக்கத்தைச் சொல்லு, அப்புறம் அவ பக்கத்தைக் கேளு. வீட்டுல இருந்து என்ன வரும், அவளுக்குன்னு என்ன இருக்கு, இனிமே சம்பாதிக்கிறதை எப்படி வச்சுக்கப் போறீங்க, யாருக்கு எவ்வளவு கடன்"னேன். "என்னண்ணா, இன்டர்வியூ மாதிரி இருக்கு"ன்னான்.

பத்து நாள் கழிச்சு போன் பண்ணினான். "பேசிட்டேண்ணா. வண்டிக் கடனைச் சொன்னேன். அவளுக்குப் படிப்புக் கடன் பாக்கி இருக்காம். கல்யாணத்துக்கு அப்புறமும் அவங்கப்பாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பணும், சரியான்னு கேட்டா."

"நீ என்னடா சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு இருக்குண்ணா."

அம்மாகிட்ட நான் பேசுறேன்னு சொல்லியிருக்கேன். ஆனா அவகிட்ட பதிலை அவன்தான் சொல்லணும். முகூர்த்தம் ஆவணியில. அதுக்குள்ள சொல்லிட்டான்னா, எங்க வீட்டுல கணக்கை ஜோடியே உக்காந்து பேசின முதல் கல்யாணம் இதுவாத்தான் இருக்கும்.