பாலட்டன் ஏரிக்கரையில் ஓர் ஆங்கில முகாம்

ஹங்கேரி நாட்டுப் பள்ளிகளில் 1949 தொடங்கி நாற்பது ஆண்டுகள் ருஷ்ய மொழி கட்டாயப் பாடமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஆரம்பித்து வருடக்கணக்காகப் படிப்பார்கள். அப்படிப் படித்தவர்களில் ருஷ்ய மொழியில் நாலு வார்த்தை தடங்கலின்றிப் பேசக்கூடியவர்கள் மிகக் குறைவு. 2013 கோடையில் அந்த நாட்டில் இருந்தபோது, என் வயதுக்காரர்கள் பலர் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்கள்.

மகள் வேலை நிமித்தம் புடாபெஸ்டில் இருந்தாள். நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன் என்று கேள்விப்பட்ட அவளுடைய அலுவலகத் தோழி ஒருவர், ஏரிக்கரையில் சிறுவர்களுக்கு நடக்கும் கோடைக்கால ஆங்கில முகாமுக்குத் தொண்டராக வர முடியுமா என்று கேட்டார். சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்க இடமும் தருவார்கள். பத்து நாள்தானே என்று கிளம்பிவிட்டேன்.

பாலட்டன் ஏரி சுமார் 77 கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் மூன்று மீட்டர்தான். எங்கள் முகாம் இருந்த தென்கரையில் வெகுதூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது பழைய ஆட்சிக்கும் தெரிந்திருந்தது. வடகரையில் ஸான்கா என்ற ஊரில் 1975இல் 'முன்னோடிகள்' என்ற கம்யூனிஸ்ட் சிறுவர் அமைப்புக்காகப் பெரிய முகாம் நகரமே கட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் இளையவர்களுக்கு நீலத் துணி.

1989இல் எல்லாம் தலைகீழானது. ருஷ்ய மொழி கட்டாயம் என்ற விதி நீங்கியது. அந்த ஜூலையில் புடாபெஸ்ட் வந்த அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், ஆங்கிலம் கற்பிக்க 'பீஸ் கோர்' தொண்டர்களை அனுப்புவதாக அறிவித்தார். 1961 முதல் 1976 வரை நம் நாட்டிலும் வேலை செய்த அதே அமைப்புதான். 1990இல் ஹங்கேரிக்கு வந்தவர்கள் 1997 வரை இருந்தார்கள். ஊரெல்லாம் ஆங்கிலம் கேட்டது. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அப்படியானால் அதுவரை இருந்த ருஷ்ய மொழி ஆசிரியர்கள் என்ன ஆனார்கள்? எங்கள் முகாமின் சமையலறையை மேற்பார்வையிட்ட அம்மையார் அவர்களில் ஒருவர். அரசு நடத்திய மறுபயிற்சி வகுப்பில் சேர்ந்து, நாற்பதை நெருங்கும் வயதில் ஆங்கிலத்தை அரிச்சுவடியிலிருந்து படித்தாராம். "மாணவர்களைவிட ஒரு பாடம்தான் முன்னால் இருப்பேன். அது அவர்களுக்கும் தெரியும்" என்றார். ருஷ்ய மொழி மேல் அவருக்கு வெறுப்பில்லை. செகாவ் கதைகளை இன்றும் மூலத்திலேயே படிக்கிறார். "அழகான மொழி. கட்டாயம் என்று சொல்லிக் கெடுத்துவிட்டார்கள்" என்றார். 1965ஐப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு எதிர்பாராத ஓர் உதவி கிடைத்தது. நம் தமிழ்தான்! ஹங்கேரிய மொழியும் வேற்றுமை உருபுகளைச் சொல்லின் கடைசியில் ஒட்டும். 'வீட்டில்' என்பது அங்கே 'ஹாஸ்பன்'. 'ஹாஸ்' வீடு, 'பன்' நம் 'இல்'. எண்ணுக்குப் பின் பன்மை தேவையில்லை. நாம் 'இரண்டு ஆப்பிள்' என்பதுபோலவே அவர்களும் சொல்வார்கள். 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், பாட்டியைப் பற்றிப் பேசும்போதும் 'ஹீ' என்றே வரும். 'டூ ஆப்பிள்' என்று ஒரு பையன் சொன்னால் எங்கிருந்து அது வருகிறது என்று எனக்குப் புரியும். திட்டாமல், என் மொழியிலும் இப்படித்தான் என்று சொன்னேன். உடனே என்னிடம் தமிழ் எண்களைக் கேட்டுப் பத்து வரை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. பூரி மாதிரிப் பொரித்து மேலே பாலாடைக்கட்டி தூவிய 'லாங்கோஷ்' வாங்க வேண்டுமா, ஆங்கிலத்தில் கேள். பந்து வேண்டுமா, ஆங்கிலத்தில் கேள். நாலாம் நாள் கூச்சம் போய்விட்டது.

ஆனால் கட்டாயம் அந்த நாட்டை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. மொழித் தேர்வுச் சான்றிதழ் இல்லாவிட்டால், பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவர்களுக்கும் பட்டம் கைக்கு வராது என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. படிப்பை முடித்தும் பட்டம் வாங்க முடியாமல் ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். 2020இல், கொரோனா காலத்தில்தான் அப்படிக் காத்திருந்தவர்களுக்கு விலக்கு கிடைத்தது. பந்துக்காக ஆங்கிலம் பேசிய பிள்ளைகளுக்கும் அந்த வயது வந்திருக்கும். அந்தச் செய்தியைப் படித்தபோது அவர்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.