செயற்கைத் தோல் மேலங்கிகளின் சிதைவு

செயற்கைத் தோல் மேலங்கி என்பது, துணியின் மீது பாலியூரித்தேன் அல்லது பாலிவினைல் குளோரைடு பூச்சு இட்டுத் தயாரிக்கப்படும் மேலாடை ஆகும். பேச்சு வழக்கில் இப்பொருள் ரெக்சின் என்றும், மேலாடை ஜெர்கின் என்றும் அழைக்கப்படுகின்றன. நாளடைவில் இதன் பூச்சு வெடித்துச் செதில்களாக உரிகின்றது.

காரணங்கள்

எஸ்டர் பிணைப்புகளைக் கொண்ட பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரத்தால் நீராற்பகுப்பு அடைகின்றது. இவ்வினையில் தோன்றும் அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றது. எனவே அணியாமல் பெட்டியில் வைத்திருக்கும் மேலங்கியும் கெடக்கூடும். ஈத்தர், கார்பனேட்டு வகைப் பாலியூரித்தேன்கள் ஈரத்தை நன்கு தாங்குகின்றன. பாலிவினைல் குளோரைடு பூச்சிலோ, மென்மையூட்டும் பொருள் மெல்ல வெளியேறுவதால் விறைப்பும் வெடிப்பும் ஏற்படுகின்றன.

கழுத்துப்பட்டையில் வியர்வையும் தலை எண்ணெயும் படிவதாலும், முழங்கைப் பகுதி அடிக்கடி மடிவதாலும் அவ்விடங்கள் பெரும்பாலும் முதலில் உரிகின்றன.

தட்பவெப்பத்தின் பங்கு

தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலத்தில், தென்மேற்குப் பருவக்காற்றினால் ஜூன் முதல் சாரல் பெய்கின்றது. இத்தகைய ஈரமான காலத்தில் நனைந்த மேலங்கியை உலர்த்தாமல் மடித்து வைத்தால் நீராற்பகுப்பு விரைவடையும். துணிப்பகுதியில் பூஞ்சையும் பிடிக்கும். பின்வரும் கோடை வெப்பமும் புறஊதாக் கதிர்களும் பூச்சை மேலும் நலிவடையச் செய்கின்றன.

பராமரிப்பு

ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுதல் நன்று. விலங்குத் தோலுக்கு இடும் எண்ணெய் இதற்குப் பயன்படாது. பூச்சின் மூலக்கூறுகளே சிதைந்துவிடுவதால், உரிந்த மேலங்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.