இனப்படுகொலை: சட்டம் கேட்கும் சான்று

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஈழத்தில் நடப்பது தில்லைக்கும் கடலூருக்கும் அயல்நாட்டுச் செய்தியாக ஒருநாளும் இருந்ததில்லை. நம் மேடைகளில் இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டு ஓங்கி ஒலிப்பது அதனால்தான். அது நீதிமன்றத்தில் நிற்க என்ன வேண்டும் என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவே அடிப்படை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தேசம், இனம், மரபினம், சமயம் ஆகியவற்றில் ஒன்றால் அமைந்த குழுவை, அக்குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்கள் குற்றமாகும்: கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடுங்கேடு விளைத்தல், அழிவில் முடியும் வாழ்நிலையைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளை வலிந்து வேறு குழுவுக்கு மாற்றுதல். இறந்தோர் தொகை இதில் எங்கும் இல்லை. இலங்கையில் 2009இல் முடிந்த இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்றது 2011இன் ஐ.நா. நிபுணர் குழு. அந்தத் தொகை நெஞ்சைப் பிளந்தாலும், அதை மட்டும் வைத்து வழக்கு வெல்லாது.

நோக்கம்தான் வழக்கின் உயிர். நடந்தவற்றிலிருந்து நியாயமாகப் பெறக்கூடிய ஒரே முடிவு அழிக்கும் நோக்கமாகவே இருக்க வேண்டும் என்று 2015இல் குரோஷியா–செர்பியா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில், முதலமைச்சர் விக்னேஸ்வரன் முன்மொழிய, இலங்கை வட மாகாண சபை நடந்தது இனப்படுகொலையே எனத் தீர்மானித்தது. செப்டம்பரில் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கையோ போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்பவற்றோடு நின்றது. எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. என் மனம் மாகாண சபையின் பக்கம். வன்னியில் சிக்கிய மக்களின் தொகையை அரசு குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் சுருக்கியது என்று நிபுணர் குழு எழுதியது, மேற்சொன்ன மூன்றாம் செயலின் வாசலில் நிற்கிறது.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின, ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. பண்பாட்டு அழிப்பை உடன்படிக்கையிலிருந்து 1948லேயே நீக்கிவிட்டதால், இது தனியே இனப்படுகொலை ஆகாது. ஆனால் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை பற்றிய 2001 கிர்ஸ்டிச் தீர்ப்பு, இத்தகைய இடிப்பும் எரிப்பும் நோக்கத்துக்குச் சான்றாகலாம் என்றது. 2007இல் பன்னாட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே 2009 பற்றிய கோப்பு 1981இலிருந்தே தொடங்க வேண்டும்.

யார் வழக்குத் தொடுப்பது? ரோகிங்கியா மக்களுக்காக மியான்மர் மீது 2019இல் வழக்குத் தொடுத்தது காம்பியா என்னும் சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாடு. உடன்படிக்கையில் சேர்ந்த எந்த நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2022இல் நீதிமன்றம் உறுதி செய்தது. இலங்கை 1950இல் நிபந்தனை ஏதுமின்றிச் சேர்ந்தது. இந்தியாவோ 1959இல், எல்லாத் தரப்பும் இசைந்தால்தான் வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் போகலாம் என்று 9ஆம் பிரிவுக்கு நிபந்தனை போட்டுவைத்தது. எனவே டில்லி வழக்குப் போட நினைத்தாலும் கொழும்பு சம்மதிக்க வேண்டும். டில்லியிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த நிபந்தனையை விலக்கத்தான். உள்நாட்டிலும் இதே குறை: இனப்படுகொலை நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை என்பதை 2018இல் சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி முரளிதர் அமர்வு சுட்டிக்காட்டியது. பிறகு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இடம்பெறவில்லை.

நம் கையில் இருப்பது சான்று. குறிஞ்சிப்பாடி அகதிகள் முகாமிலும் கடலூர் மாவட்டத்தின் மற்ற முகாம்களிலும் ஈழத்தில் நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். எந்த நாள், எந்தப் பங்கர், ஷெல் எந்தத் திசையிலிருந்து வந்தது, அதற்கு முன் யார் என்ன அறிவித்தார்கள் என்று கேட்டு, கடலூர், சிதம்பரம் வழக்கறிஞர்கள் பிரமாண வாக்குமூலமாகப் பதிவு செய்ய வேண்டும். 2021இல் நிறைவேறிய மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்தின்படி சான்று திரட்டிவரும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு அவை போய்ச்சேர வேண்டும். காத்திருக்க நேரமில்லை: 1983இல் ஈழத்திலிருந்து இருபது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள்.