சோதனைச் சாவடியில் நின்ற சிம் அட்டை: வழிச்செல்வோரும் அலைபேசி வட்டங்களும்

வேன் ஒன்றைப் படுக்கையும் அடுப்பும் உள்ள வீடாக மாற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று, வழியிலிருந்தே அலுவலக வேலையையும் பார்த்துவிடும் வாழ்க்கை இந்தியாவில் இன்னும் சிலருக்கே வாய்த்திருக்கிறது. புறப்படுமுன் அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினாக்களுள் ஒன்று, இணையத்திற்கு எந்த நிறுவனத்தின் சிம் அட்டையை நம்புவது என்பது. இந்த வினா இந்த வடிவில் கேட்கப்படுவதே அண்மைக்கால நிகழ்வுதான். 2017ஆம் ஆண்டுவரை இந்தியச் சாலைகளில் வாழ்ந்தவர் முதலில் கேட்க வேண்டியிருந்தது ‘எந்த வட்டத்தின் சிம் அட்டை?’ என்பதாகும். நிறுவனம் இரண்டாவதாகவே வந்தது. அப்படிக் கேட்டவர்களும் உல்லாசப் பயணிகள் அல்லர். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடக்கே சென்ற லாரி ஓட்டுநர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு மத்தியப் பிரதேசம்வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டி, துணை லாரியிலேயே சமைத்து உண்டு உறங்கிய தொழிலாளர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்குப் பெயர்ந்தவர்கள் ஆகியோரே அவர்கள். இந்தியாவில் வண்டியை வீடாகக் கொண்டவர் வரலாற்றை எழுதப் புகுவோர் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

வட்டம் என்னும் அலகு அலைபேசிக்காக உருவாக்கப்பட்டதன்று. அஞ்சல் தந்தித் துறை தன் நிருவாக வசதிக்காக நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தது. 1985ஆம் ஆண்டில் அஞ்சலும் தொலைத்தொடர்பும் தனித்தனித் துறைகளானபோதும் அப்பிரிவினை தொடர்ந்தது. 1990களில் அலைபேசி உரிமங்களைத் தனியாருக்கு வழங்க முற்பட்ட அரசு, நாடு முழுமைக்கும் ஓர் உரிமம் என்று வகுக்காமல், பெருநகரங்களைத் தனியாகவும் எஞ்சிய பகுதிகளை ‘அ’, ‘ஆ’, ‘இ’ எனத் தரம் பிரிக்கத்தக்க வட்டங்களாகவும் வகுத்து உரிமம் வழங்கியது. 1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நாட்டின் முதல் அலைபேசி அழைப்பு எனப் பதிவாகியுள்ளது. இரண்டு பெருநகர உரிமப் பகுதிகளுக்கு இடையே நடந்த உரையாடல் அது.

இவ்வாறு எழுந்த வட்ட வரைபடம் மாநில வரைபடத்தோடு முற்றும் பொருந்துவதன்று. உத்தரப் பிரதேசம் கிழக்கு, மேற்கு என இரண்டு வட்டங்களாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் தனி மாநிலங்களான பின்னரும் அலைபேசிக்கு அவை முறையே பீகாரும் மத்தியப் பிரதேசமுமாகவே நீடித்தன. அரியானாவின் குருகிராமமும் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவும் தில்லி வட்டத்தில் அடங்கின. சென்னைகூட 2005ஆம் ஆண்டுவரை தமிழ்நாட்டிலிருந்து வேறுபட்ட தனி வட்டமாக இருந்தது. தாம்பரம் தாண்டிச் சென்றவருக்குத் தம் சொந்த மாநிலத்துக்குள்ளேயே ‘வெளியூர்’ ஆரம்பமாகிவிடும் விந்தை அதனால் நேர்ந்தது. எண்ணைப் பார்த்தே ஒருவர் எவ்வூரார் என்று சொல்லவும் முடிந்தது. 98100 தில்லியையும், 98200 மும்பையையும், 98400 சென்னையையும் குறித்தன. சாதி கேட்பதற்கு முன் ஊர் கேட்கும் நாட்டில் இது கவனிக்கத்தக்க சிறு வசதிதான்.

வட்ட எல்லையைக் கடந்தவுடன் கட்டணம் ஏறியதற்கான காரணம் அழைப்பு பயணம் செய்யும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு சிம் அட்டையும் அதன் சொந்த வட்டத்து வலையமைப்பின் பதிவேட்டில் குடியிருக்கிறது. உரியவர் வேறு வட்டத்துக்குள் நுழைந்தால், அங்குள்ள வலையமைப்பு அவரை விருந்தினராகப் பதிந்துகொண்டு சொந்தப் பதிவேட்டுக்குச் செய்தி அனுப்பும். அவரை அழைப்பவரின் அழைப்பு முதலில் சொந்த வட்டத்துக்குச் சென்று, அங்கிருந்து நெடுந்தொலைவு இணைப்பின் வழியே அவர் இருக்கும் இடத்துக்கு வரும். அந்த இரண்டாம் பயணத்துக்கான செலவை அழைத்தவரிடம் வாங்க முடியாது. உள்ளூர் எண்ணைத்தான் அழைக்கிறோம் என்று எண்ணியே அவர் அழைக்கிறார். எனவே, அது அழைப்பைப் பெற்றவர் தலையில் விழுந்தது. சொந்த வட்டத்துக்குள் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் வாங்கும் வழக்கம் 2003ஆம் ஆண்டில் ஒழிந்தது. ரோமிங்கில் வரும் அழைப்புக்கான கட்டணமோ அதன்பின் பதினான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

இக்கட்டணத்திற்கு எதிராக வழிச்செல்வோர் தாமே கண்டறிந்த உத்திகள் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. மிஸ்டு கால் அவற்றுள் முதன்மையானது. ஒரு மணியடித்தால் ‘சேர்ந்துவிட்டேன்’, இரண்டு மணியடித்தால் ‘திரும்ப அழை’ என்பன போன்ற குடும்ப மொழிகள் பைசாச் செலவின்றி நடந்தன. நெடுஞ்சாலையோரத் தாபாக்களின் மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத்துகள் அலைபேசி வந்த பின்னரும் உடனே மறையாமைக்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. அலைபேசியை அணைத்து வைத்துக்கொண்டு பூத்திலிருந்து பேசுவது மலிவாக இருந்தது. பின்னர் வந்தது இரட்டைச் சிம் கருவி. ஊருக்கு ஒன்று, போகிற வட்டத்துக்கு ஒன்று என இரண்டு அட்டைகளை ஒரே கருவியில் செருகிக்கொள்ளும் வசதியை இந்தியச் சந்தையில் பரவலாக்கியவை மைக்ரோமேக்ஸ், கார்பன் போன்ற புதிய பெயர்கள். பெரும் பன்னாட்டு நிறுவனங்கள் தாமதமாகவே அவ்வழிக்கு வந்தன. ஆனால் இரண்டாவது அட்டையைப் பெறுவதும் எளிதாக இருக்கவில்லை. அடையாள விதிகள் இறுகிய பின், அந்த வட்டத்தில் முகவரிச் சான்று இல்லாதவருக்கு உள்ளூரார் ஒருவரின் உறுதிமொழி வேண்டியிருந்தது. வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோதான் பெரும்பாலும் தொழிலாளிக்குத் தெரிந்த உள்ளூரார். தொலைபேசி எண்ணும் அவரது தயவால் வந்தது என்றால், அவரிடமிருந்து விலகிச் செல்வது எத்துணை கடினமாகியிருக்கும் என்பதை உழைப்பு வரலாற்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அரசின் பார்வை வேறாக இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007ஆம் ஆண்டில் ரோமிங்குக்கான மாத வாடகையை நீக்கி உச்சவரம்பு விதித்தது. அதன்படி உள்ளூர் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1.40 ரூபாயும், எஸ்.டி.டி.க்கு 2.40 ரூபாயும், வரும் அழைப்புக்கு 1.75 ரூபாயும் வாங்கலாம். இதற்கு ஓராண்டு முன்பே, 2006 மார்ச்சில், பி.எஸ்.என்.எல். நாட்டின் எம்மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்னும் ‘ஒன்இந்தியா’ திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஆக, வீட்டில் அமர்ந்தபடி காஷ்மீருக்குப் பேசினால் ஒரு ரூபாய். காஷ்மீருக்குச் சென்ற கணவன் வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலோ 1.75 ரூபாய்வரை. தொலைவுக்கான விலை ஏறத்தாழ அழிந்துபோன பின்னும் நகர்தலுக்கான விலை எஞ்சி நின்றது.

2012ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை கட்டணமற்ற ரோமிங்கை இலக்காக அறிவித்தது. மறு ஆண்டில் டிராய் அதை முழுமையாக நடைமுறைப்படுத்த மறுத்தது. ரோமிங்குக்கு உண்மையான செலவு உண்டு, அதை இலவசமாக்கினால் வெளியூர் செல்லாதவர்கள் செல்பவர்களுக்காகச் செலவைச் சுமக்க நேரும் என்பது அதன் வாதம். ஆகவே உச்சவரம்பைக் குறைத்தும், விரும்புவோர் தனியாகப் பணம் கட்டிப் பெறும் ரோமிங் திட்டங்களுக்கு வழிவகுத்தும் நிறுத்திக்கொண்டது. கணக்கியல் நோக்கில் இவ்வாதம் பிழையற்றதே. ஆயின், வெளியூர் செல்பவர் என்றால் விமானத்தில் பறக்கும் வணிகர் என்னும் சித்திரம் அதன் அடியில் இருந்தது. மாதம் ஐம்பது ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யும் லாரிக் கிளீனர் அச்சித்திரத்தில் இல்லை. 2015ஆம் ஆண்டில் வரும் அழைப்புக்கான உச்சவரம்பு 45 பைசாவாக இறங்கியது. அவ்வாண்டு ஜூனில் பி.எஸ்.என்.எல். தன் வாடிக்கையாளருக்கு அதனை முற்றும் நீக்கியது. ஜூலை முதல், எண்ணை மாற்றாமலேயே வேறு வட்டத்துக்குக் குடிபெயரும் வசதியும் நாடு முழுவதும் வந்தது.

இதுவரை சொன்னவை பேச்சைப் பற்றியவை. இணையத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2010ஆம் ஆண்டின் 3ஜி ஏலத்தில் அரசுக்கு ஏறத்தாழ 67,719 கோடி ரூபாய் கிடைத்தது. ஏலத்தின் விலை எத்துணை ஏறியதென்றால், தனியார் நிறுவனம் ஒன்றால்கூட 22 வட்டங்களிலும் அலைக்கற்றையை வாங்க இயலவில்லை. ஏர்டெல் 13 வட்டங்களிலும், வோடஃபோன் 9 வட்டங்களிலும், ஐடியா 11 வட்டங்களிலும் பெற்றன. தில்லியிலிருந்து சென்னைக்கு நெடுஞ்சாலையில் வருபவருக்கு எந்த ஒரு தனியார் நிறுவனமும் தன் சொந்த 3ஜியை வழிநெடுகத் தர முடியாது என்பது இதன் பொருள். அம்மூன்றும் ஒன்றன் வட்டத்தில் மற்றொன்றின் அலைக்கற்றையைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டன. ஏலத்தில் பணம் கட்டாத இடத்தில் சேவை விற்பதாகும் இது என்று கூறி 2011 இறுதியில் தொலைத்தொடர்புத் துறை தடை விதித்தது. வழக்கு நடந்து, 2014 ஏப்ரலில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கருவூலத்துக்கும் நிறுவனங்களுக்கும் இடையே நிகழ்ந்த இவ்வழக்கில் பயணியின் நலன் ஒரு தரப்பாகவே இடம்பெறவில்லை.

அதே 2010ஆம் ஆண்டில் அகண்ட அலைவரிசை ஏலத்தில் இன்ஃபோடெல் என்னும் சிறு நிறுவனம் மட்டும் 22 வட்டங்களையும் வென்றது. ரிலையன்ஸ் உடனே அதை வாங்கிக்கொண்டது. அதிலிருந்து வளர்ந்த ஜியோ, 2016 செப்டம்பர் 5 அன்று சேவை தொடங்கியபோது, நாடு முழுவதும் ஒரே வலையமைப்பு என்பதால் உள்நாட்டு ரோமிங் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. ஏர்டெல் 2017 ஏப்ரல் 1 முதல் அக்கட்டணத்தைக் கைவிட்டது. ஏனையவும் அவ்வழியே சென்றன. 2014ஆம் ஆண்டில் ஒரு ஜிபி தரவுக்கு வாடிக்கையாளரிடமிருந்து நிறுவனங்கள் பெற்ற சராசரி வருவாய் 269 ரூபாயாக இருந்தது, 2018இல் 12 ரூபாய்க்கும் கீழே வந்ததென்பது டிராய் கணக்கு.

2010 மேயில் லாரிகளுக்கான தேசிய அனுமதி எளிதாக்கப்பட்டு, ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஒரே கட்டணத்தில் நாடெங்கும் செல்லும் உரிமை கிடைத்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மளமளவென்று மூடப்பட்டன. வாலையாற்றிலும் அத்திப்பள்ளியிலும் வரிசையில் நின்ற ஓட்டுநரின் சட்டைப் பையில் இருந்த அலைபேசிக்கும் அதே எல்லையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சாவடி இருந்தது. இரண்டும் மூன்று மாத இடைவெளியில் எடுக்கப்பட்டன. முன்னதைச் சட்டத் திருத்தமும், பின்னதை ஒரு பெருநிறுவனத்தின் சந்தை உத்தியும் சாதித்தன. ஆணையம் தர மறுத்ததைப் போட்டி தந்தது என்று இதைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது பாதிக் கதைதான். அப்போட்டியிலேயே ஏர்செல் திவாலாயிற்று. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் அலைபேசிச் சேவையை மூடியது. டாட்டாவும் டெலிநாரும் ஏர்டெலில் கலந்தன. 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. எல்லைகள் மறைந்த நாட்டில் தெரிவு செய்ய மூன்று தனியாரும் பொதுத்துறையும் மட்டுமே எஞ்சினர்.

இன்று வேனில் புறப்படுபவரின் தெரிவு, எனவே, கோபுரங்களைப் பற்றியது. சமவெளி நெடுஞ்சாலையில் எந்த அட்டையும் போதும். மலையிலும் காட்டிலும், மக்கள் குறைந்த இடங்களிலும் வணிகக் கணக்கு கோபுரத்தை அனுமதிப்பதில்லை. அங்கு கோபுரம் நிற்பது, 2002ஆம் ஆண்டில் உருவான உலகளாவிய சேவைக் கடமை நிதியின் பணத்தால்தான். 2022 ஜூலையில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் பணி 26,316 கோடி ரூபாய் மதிப்பில் பி.எஸ்.என்.எல்.லிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரத்தார் கைவிட்ட அந்த அட்டையைச் சாலை வாழ்க்கையினர் இரண்டாவது துளையில் இன்னும் வைத்திருப்பதன் பொருளியல் இதுவே.

ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் தனி அத்தியாயம். அலைபேசியே அங்கு 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. 2009 நவம்பரில் முன்கட்டணச் சேவை முழுவதும் தடை செய்யப்பட்டுச் சில மாதங்களில் மீண்டது. வெளி மாநிலத்து முன்கட்டண அட்டை அங்கு உயிர்பெறாது, பின்கட்டண அட்டை மட்டுமே செல்லும் என்னும் பாதுகாப்பு விதி, பிற இடங்களில் ரோமிங் சாவடிகள் எடுக்கப்பட்ட பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. மாதக் கடைசியில் பில் கட்டும் பயணி லே நகரில் இணையம் பெற்றார். பத்து ரூபாய் ரீசார்ஜில் வாழும் லாரிக்காரரின் கருவி லக்கன்பூர் எல்லையைத் தாண்டியதும் ஊமையாயிற்று.

2011ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்ட ஏற்பாடு 2025 ஜனவரியில் அரசின் கையாலேயே திரும்பி வந்தது. பொது நிதியில் எழுந்த 4ஜி கோபுரங்களில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ ஆகிய மூன்றின் வாடிக்கையாளரும் ஒருவர் அலையை மற்றவர் பயன்படுத்தும் வட்டத்துள் ரோமிங் வசதி அப்போது அறிவிக்கப்பட்டது. சேவை எங்கெங்கு கிடைக்கிறது என்று காட்டும் வரைபடங்களை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்று டிராயின் 2024ஆம் ஆண்டுத் தர விதிகள் கட்டளையிட்டன. அலைபேசி வந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, வழிச்செல்பவர் புறப்படுமுன் பார்க்கத்தக்க வரைபடம் ஒன்று சட்டப்படியான கடமையாகியிருக்கிறது. நிறுவனங்களின் உரிமப் பகுதியோ பழைய அஞ்சல் தந்தி வட்டத்தின் வழிவந்ததே.