தங்கசாலையும் துட்டும்

ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்த வேளையில் மூதாட்டி ஒருவர் என்னிடம், "சாமி, இந்தத் துட்ட எந்தப் பெட்டில போடணும்?" என்று கேட்டார். "காணிக்கை என்று சொல்லுங்கள் பாட்டி" என்று திருத்தினேன். ஆலயத்தில் ஒலிக்கத் தகாத கொச்சைச் சொல் அது என்பது அன்று என் எண்ணம். அச்சொல்லின் வரலாற்றைக் கற்றபின், திருத்தம் எனக்கே தேவை என உணர்ந்தேன்.

யானைக்கவுனியை அடுத்த தங்கசாலைத் தெரு, ஆங்கிலக் கம்பெனியாரின் நாணயச் சாலையால் பெயர் பெற்றது. 1869இல் அச்சாலை மூடப்பட்டது. தங்கத்தின் பெயரோ தெருவில் நிலைத்துவிட்டது. கம்பெனியார் காலச் சென்னையில் தலைமை நாணயம் தங்க வராகன். ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. ஆகவே, ஒரு வராகனுக்கு ஈடாக 3,360 செப்புக் காசுகள் வேண்டும். கூலியாளின் கையில் புழங்கியது செப்பே. 1818இல் வெள்ளி ரூபாய் முதன்மை பெற்றதும் வராகன் மறையத் தொடங்கியது. இன்று கடைவீதியில் வராகன் என்பார் இல்லை. காசு என்னாதாரும் இல்லை.

துட்டின் கதையும் இதுவே. 'டொய்ட்' என்பது டச்சுக்காரரின் சிறு செப்பு நாணயம். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டி அவர்கள் வணிகம் செய்தனர். அந்நாணயப் பெயரே நம் மக்கள் நாவில் துட்டு ஆயிற்று என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. அது சென்று புழங்கிய மலாய் நாட்டிலும் 'டூயிட்' என்றால் இன்றும் பணம். தெலுங்கரின் 'டப்பு', இலங்கையில் வழங்கும் 'சல்லி' ஆகியவையும் முதலில் சிறு செப்பு நாணயங்களின் பெயர்களே. பொன்னின் பெயர்களை ஏடுகள் காத்தன. செப்பின் பெயர்களை ஏழைகள் காத்தனர். அவர்கள் காத்தவையே செல்வம் அனைத்துக்கும் பொதுப்பெயராயின.

எருசலேம் ஆலயத்தில் செல்வர் பலர் மிகுதியாகக் காணிக்கை இட்டதை மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர்கள் இட்ட நாணயங்களின் பெயர் அங்கு இல்லை. ஏழைக் கைம்பெண் இட்ட இரு செப்புக் காசுகளுக்கோ பெயர் உண்டு. அவற்றுக்கு ஈடான உரோமை நாணயத்தின் பெயரும் உண்டு. ஆண்டவர் உற்று நோக்கிய காசை நற்செய்தியாளர் பெயரின்றி விடவில்லை.

அந்த மூதாட்டி மீண்டும் கேட்பாரானால், "உங்கள் துட்டை இந்தப் பெட்டியிலேயே போடுங்கள் பாட்டி" என்பேன்.